வெள்ளவத்தைக் கரையில் தூண்டில் போடப் பழகுபவர்களுக்கு

எந்த இரைக்கு எந்த மீன் வரும் என்பதை வேறொரு நாள் பார்ப்போம். இது நீங்களும் பக்கத்தில் நிற்பவரும் காயமில்லாமல் வீடு திரும்புவதற்கான செய்முறை.

முதலில் காலத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கொழும்புக் கடல் கொந்தளிக்கும், பழகுவதற்கு அது தோதான நேரமில்லை. மற்ற மாதங்களிலும் போனவுடனே தூண்டிலைப் பிரிக்காமல் பத்து நிமிடம் சும்மா நின்று கற்களைக் கவனியுங்கள். இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆளை இழுப்பது திடீரென்று வரும் பெரிய அலை. ஈரமாக இருக்கிற கல் அலை வந்து போன கல். பாசி பிடித்ததில் காலே வைக்காதீர்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள்.

அடுத்தது தண்டவாளம், கடலைவிட எனக்கு இதில்தான் பயம். கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது, அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது, இரட்டைப் பாதை என்பதால் ஒன்று போனதும் தாண்டலாம் என்று கால் வைத்தால் மற்றப் பக்கமிருந்து இன்னொன்று வரும். இயர்போனைக் கழற்றி, தூண்டில் தடியை மடக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டுங்கள். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படியும் குற்றம்.

இடம் பிடிக்கும்போது ஏற்கெனவே நிற்பவரிடம் "அண்ணே, இதில நிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சிங்களவராக இருந்து உங்களுக்குச் சிங்களம் வராவிட்டால் கையைக் காட்டிச் சிரித்தாலே போதும். அவருக்குப் பெரிய மீன் கொத்தினால் உங்கள் கயிற்றைச் சுற்றி எடுத்துவிடுங்கள், சிக்கினால் இருவருக்கும் நட்டம். குடைக்குள் இருக்கும் சோடிகளுக்குப் பக்கத்தில் கடை விரிக்காதீர்கள், பாவம்.

எறிகிற விசயம். தடியைப் பின்னால் கொண்டுபோகும்போது ஈயமும் கொக்கியும் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆடும், அந்த நேரம் அங்கே ஒரு பிள்ளை ஓடி வந்தால் கொக்கி முகத்தில்தான் போய் மாட்டும். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துவிட்டு எறியுங்கள். பின்னேரம் சனம் கூடினால் எறிவதை நிறுத்துங்கள். ஆரம்பத்தில் தடியே வேண்டாம் என்பேன், வெறும் போத்தலில் தங்கூசி என்கிற நைலோன் நூலைச் சுற்றிய கைத்தூண்டில் போதும்.

மீன் வந்ததா? சரி, வெறுங்கையால் பிடிக்காதீர்கள். ஓராவுக்கும் கெளிறுக்கும் முள்ளில் விசம் உண்டு. ஈரத்துணியால் அமத்திப் பிடித்து, குறடால் கொக்கியைக் கழற்றுங்கள். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும், வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போங்கள். ஊதிப் பெருக்கிற பேத்தை நஞ்சு மீன், அதைச் சமைக்க நினைக்கவே வேண்டாம், கடலிலேயே விடுங்கள். கொக்கி தசைக்குள் ஆழமாக ஏறினால் இழுக்காமல், தங்கூசியை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட வேண்டிவரலாம். நிலைமை மோசமென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

அப்புறம் துப்புரவு. அறுந்த தங்கூசி உக்காது, காகத்தின் காலில் சுற்றிக்கொள்ளும், ஒரு துண்டு விடாமல் பொறுக்கிப் போத்தலில் அடையுங்கள். மிச்ச இறாலையும் மீன் குடலையும் கல்லில் விட்டுவிட்டுப் போனால் அடுத்த நாள் காலை நடக்க வருபவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைத்தான் திட்டுவார், அதனால் மீனை வீட்டில் வைத்து வெட்டுங்கள்.