சம்ப் மேனிஃபோல்ட்: பைப்பை ஒட்டிய பிறகு தெரியவரும் தவறுகள்

மீன் தொட்டிக்குக் கீழே, வடிகட்டிகள் வைக்கும் சிறு தொட்டிதான் சம்ப். அதிலிருந்து மேலே மீன் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அதே பம்பிலிருந்து சில கிளைகள் எடுத்து, தண்ணீரில் கிருமி கொல்லும் யுவி விளக்கு, வடிகட்டும் பொருள் நிரப்பிய ரியாக்டர் குழல் என்று ஓட்டிக்கொள்வதுதான் மேனிஃபோல்ட். கிளை பிரிக்கும் T வடிவ இணைப்பு (டீ) நாலு, வால்வு நாலு, பெரிய வேலையா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டி முடித்தேன். அன்று இரவே கரண்ட் போனது. காலையில் எழுந்தால் ஹால் முழுக்கத் தண்ணீர்.

பம்பிலிருந்து தொட்டிக்கு ஏறும் ரிட்டன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே இருந்ததுதான் காரணம். பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியே சம்ப்புக்கு இறங்கும். வாய் வெளியே வந்து காற்று புகும்வரை நிற்காது. 120-க்கு 45 செ.மீ. தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்றால் 5.4 லிட்டர். ஆறுக்கு 32 லிட்டருக்கு மேல். சம்ப்பில் அவ்வளவு இடம் நான் விடவில்லை. தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டன் வால்வு போட்டால் போதும் என்பார்கள். ஒரு குட்டி நத்தை சிக்கினாலே அது மூடாது. வாயை மேலே ஏற்றி வையுங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் காற்று புகச் சிறு துளை போட்டு, பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிடுங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சம்ப் வழிந்தால், ஓடும்போது இருக்கும் மட்டத்தைக் குறைத்து, வழியாத அளவில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு கேட்டால் பித்தளையை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். அதிலிருந்து கசியும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம், உப்புத் தண்ணீரில் இன்னும் மோசம். பிளாஸ்டிக் மட்டும்தான். திறக்க, மூட பால் வால்வு (ball valve) போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அளவு வைக்கக் கேட் வால்வுதான் வசதி.

தொட்டிக்கு ஏறும் முதன்மைக் குழாயிலும் ஒரு வால்வு வேண்டும். பலர் கிளைகளுக்கு மட்டும் போடுகிறார்கள். மேலே போகும் வழி தாராளமாகத் திறந்திருந்தால், ரியாக்டருக்குச் சொட்டுத் தண்ணீர்தான் வரும். மேலே லேசாக மூடினால் கிளைகளில் அழுத்தம் கூடும். ஆனால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் நெரிக்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை உயரே ஏற்றாதபோது கிடைப்பது. ஒரு இஞ்ச் வாயை அரை இஞ்ச் குழாயாகக் குறைத்தால் மிச்சமும் போய்விடும்.

பம்பை ஒட்டி, கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் போடாததால், முதல்முறை கழுவ எடுக்கும்போது ஆக்சா பிளேடால் அறுக்க வேண்டியதாயிற்று. பைப் ஒட்டும் பசையான சொல்யூஷன் தடவினால் தடவியதுதான். மரை இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். ரெஞ்ச் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும்.

டீ ஒன்றிரண்டு கூடுதலாகவே வைத்து, வால்வு போட்டு மூடியிடுங்கள். என்னிடம் மிஞ்சிய ஒன்றில் இப்போது ஓஸ் மாட்டியிருக்கிறேன். தண்ணீர் மாற்றும் நாளில் வாளி தூக்குவதில்லை.