ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோய்: நோயறிதலைத் தள்ளிப்போடும், சிகிச்சையைக் கெடுக்கும் தவறுகள்

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தக் கல்லீரலையே தாக்கும் நோய்கள் முக்கியமாக மூன்று. கல்லீரல் செல்களைத் தாக்குவது ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்களை அழிப்பது பிபிசி (PBC, பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ்). பெரிய பித்தக் குழாய்களையும் சேர்த்துத் தழும்பாக்கிச் சுருக்குவது பிஎஸ்சி (PSC, பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ்). மூன்றுமே ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் வளரக்கூடியவை.

அதனால்தான் 'காமாலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்றிருப்பது முதல் தவறாகிறது. ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் கண்டுபிடிக்கப்படும்போதே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) வந்துவிட்டிருக்கும். தீராத சோர்வு, மூட்டுவலி, தோலில் ஒன்றும் இல்லாமலே அரிப்பு: பலருக்கு அறிகுறி இவ்வளவுதான். சிலருக்கு இதுவும் இருக்காது.

ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி (கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் என்சைம்) கூடியிருந்தால், ஸ்கேனில் கொழுப்பு தெரிந்ததுமே 'ஃபேட்டி லிவர்' என்று முடித்துவிடுவது அடுத்த தவறு. கொழுப்பு இருப்பது உண்மையாகவே இருக்கலாம்; இன்னொரு நோய் இல்லை என்பதற்கு அது சான்றல்ல. மறுபரிசோதனையிலும் அளவு இறங்கவில்லையா? ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளோடு ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதத்தின் அளவு), உடலின் சொந்தச் செல்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்களான ஏஎன்ஏ, மென்தசை எதிர்ப்பொருள் ஆகியவற்றையும் கேளுங்கள். இளம் வயதினருக்கு வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய்) இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஏஎல்பி என்ற என்சைம் கூடியிருந்தால் அது எலும்பிலிருந்தும் வரலாம். ஜிஜிடி என்ற இன்னொரு என்சைமும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கல்லீரலையே சந்தேகிக்க வேண்டும். அப்போது பிபிசியைக் காட்டும் எதிர்ப்பொருளான ஏஎம்ஏ பார்க்க வேண்டும்.

ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றாலே நோய் என்று பயப்படத் தேவையில்லை, ஆரோக்கியமானவர்களுக்கும் அப்படி வரும். நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸை உறுதிசெய்ய பயாப்ஸி (கல்லீரல் திசுவில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) வேண்டும். நிலைமை அவசரமாக இல்லாவிட்டால், பயாப்ஸிக்கு முன்பே இந்த நோய்க்கான மருந்தான ஸ்டீராய்டைத் தொடங்குவது தடயத்தை மங்கச் செய்துவிடும். மினோசைக்ளின், நைட்ரோஃபுராண்டோயின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள், சில மூலிகை மருந்துகள் எல்லாம் இதே நோயைப் போன்ற பாதிப்பை உண்டாக்கும். சாப்பிட்ட எதையும், சத்து மாத்திரை உட்பட, மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் கெடுப்பது, அளவுகள் சரியானதும் மாத்திரையை நிறுத்துவதுதான். ஸ்டீராய்டு தொடங்கிய சில வாரங்களில் ஏஎல்டி இறங்கத் தொடங்கும், உடம்பும் தெம்பாகும். ஆனால் திசுவில் உள்ள அழற்சி அடங்க அதைவிட வெகுகாலம் பிடிக்கும். ஏஎல்டி, ஐஜிஜி இரண்டும் குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து இயல்பாக இருந்த பிறகே மருந்தை நிறுத்துவது பற்றிப் பேசலாம். அப்போதும் பாதிப் பேருக்கு மேல் நோய் திரும்புகிறது. ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் ரத்த அழுத்தம் விழும் ஆபத்து வேறு.

மருந்து தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி பார்க்காமல் விடுவதும் ஆபத்து. மறைந்திருக்கும் வைரஸ் ஸ்டீராய்டில் விழித்துக்கொள்ளும். நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரின் எடுப்பவர்கள் ரத்த அணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும். கீல்வாதத்துக்கான அலோப்யூரினால் அதோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையே முடங்கலாம்.

பிபிசியில் நடக்கும் தவறு வேறு மாதிரியானது: அளவு போதாமை. இதற்கான மருந்தான அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 13 முதல் 15 மி.கி. வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது 780 முதல் 900 மி.கி.; 300 மி.கி. மாத்திரை இரண்டு மட்டும் சாப்பிட்டால் போதாது. அரிப்புக்குக் கொலெஸ்டிரமின் சேர்த்தால் இரண்டுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் அது இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும்.

பிஎஸ்சி உள்ளவர்களுக்கு வயிற்றுத் தொல்லை இல்லாவிட்டாலும் கொலனோஸ்கோபி (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) அவசியம், ஏனென்றால் பெருங்குடல் அழற்சி பலருக்கு உடன் இருக்கும்.

சிரோசிஸ் வந்தவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்து புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை அவர்கள் தொடக்கூடாது.

கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், நோய் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபினோலேட்டைத் தவிர்த்தாக வேண்டும்; கருவைப் பாதிக்கும். அசாதயோபிரினைப் பெரும்பாலும் தொடரலாம், தானாக நிறுத்த வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் நோய் சீறுவது வழக்கம் என்பதால் அப்போது ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.