முதிய சுண்டெலிகளுக்கு மானியம் கேட்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதிய சுண்டெலிகளை வளர்க்கும் கூடத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எலும்பு, மூளை, தசை, காது என்று வெவ்வேறு துறையினர் ஒரே எலிகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்படிப்பட்ட பொது வளத்துக்குத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஏ.விடம் நிதி கேட்க விரும்பும் இளம் ஆய்வாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அறிவிப்பைத் தேடுங்கள். ஆர்24 என்ற வள மானியத்துக்கு, அதற்கென வெளியான அறிவிப்பு இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். அடுத்து, என்.ஐ.ஏ.வின் திட்ட அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம். என்.ஐ.ஏ.வே முதிய எலிகளை வளர்த்து ஆய்வாளர்களுக்கு வழங்குகிறது. அது இருக்கும்போது உங்கள் கூடம் எதற்கு என்ற கேள்விக்கு அந்தக் கடிதத்திலேயே விடை இருக்க வேண்டும். செலவு பெரிதானால், விண்ணப்பிக்க முன் ஒப்புதல் வேண்டுமா என்றும் அதில் கேட்டுவிடுங்கள்.

இனி பட்ஜெட். 24 மாத எலி வேண்டுமென்றால் 24 மாதம் காத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு மானியத்தில் இரண்டாண்டு இப்படியே போய்விடும். கூண்டு வாடகை ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு கூண்டுகளுக்கு இரண்டாண்டில் 73,000 டாலர் ஆகிறது, ஒரு திசுவைக்கூட எவருக்கும் கொடுக்காமல். ஆண் எலிகள் சண்டையிடும். பிரித்து வைத்தால் கூண்டு எண்ணிக்கை ஏறும். முதுமையை எட்டுமுன் இறப்பவையும் உண்டு, ஆகவே தேவைக்கு மேல் வளர்க்க வேண்டும். இந்தக் கணக்கை மாதவாரியாக அட்டவணையில் காட்டுங்கள். எலிகள் முதுமையடையும் வரை மதிப்பீட்டாளருக்குக் காட்ட உங்களிடம் வேறெதுவும் இருக்காது.

பல துறைகள் சேரும்போது உண்மையான சிக்கல் அறுவை மேசையில்தான். ஆர்.என்.ஏ. ஆய்வுக்குத் திசுவை உடனே உறையவைக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு அதே திசு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் வேண்டும். காது ஆய்வாளர் கேட்கும் உள்காதை எடுக்க மண்டையோட்டை உடைக்க வேண்டும், மூளை சிதையாமல். எது முதலில், எந்தப் பாதி யாருக்கு என்பதை விண்ணப்பம் எழுதும் முன்பே எல்லாரையும் உட்காரவைத்து முடிவு செய்யுங்கள். அந்த வரிசையை அப்படியே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். "ஒருங்கிணைந்த பல்துறை அணுகுமுறை" என்று மூன்று பத்தி எழுதுவதைவிட இந்த ஒரு பக்கம் பலமானது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆள் கூலியில் கை வைக்காதீர்கள். உறைபெட்டியில் எந்தக் குழாய் எங்கே இருக்கிறது, அது எந்த எலியுடையது, அந்த எலி கடைசி மாதத்தில் எவ்வளவு எடை இழந்தது என்று பதிவு செய்ய முழுநேர ஊழியர் ஒருவர் வேண்டும். இந்தப் பதிவு இல்லாத திசுவை யாரும் நம்பிப் பயன்படுத்த முடியாது. 2023 ஜனவரி 25 முதல், அறிவியல் தரவு உருவாகும் ஆய்வுகளுக்குத் தரவு மேலாண்மை, பகிர்வுத் திட்டமும் கட்டாயம். அதற்கான செலவையும் பட்ஜெட்டில் கேட்கலாம்.

பயனாளர்களிடம் கட்டணம் வாங்கினால் அது திட்ட வருமானம். கணக்கில் காட்ட வேண்டும். ஆதரவுக் கடிதங்களில் வாழ்த்து வேண்டாம். எந்த வயது எலி, ஆணா பெண்ணா, எத்தனை, எந்தத் திசு, எந்த ஆண்டில் என்று ஒவ்வொருவரும் எழுதித் தரட்டும்.