திட்ட அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

இருபத்தேழு ஆண்டுகள் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் எஸ்டிமேட் போட்டே காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, யாராவது ஒரு தடித்த அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "எங்கள் பக்கம் பெரிய சாலை வரப்போகிறதாம், இதில் என்ன போட்டிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முன்னால் இருக்கும் சுருக்கத்தை மூடிவிடுங்கள். முடிவு என்னவென்று தெரிந்த பிறகு நாங்கள் கடைசியாக எழுதுவது அது. பின்னிணைப்புகளுக்குப் போங்கள். வாகனக் கணிப்பு, நீரியல் கணக்கு, நில எடுப்புப் பட்டியல், மண் பரிசோதனை எல்லாம் அங்கேதான் கிடக்கும். கையில் பென்சில் இருக்கட்டும். பெரிய எண் எது கண்ணில் பட்டாலும் ஓரத்தில் "யாருக்கு?" என்று எழுதிவையுங்கள்.

அந்தக் கேள்வி ஏன்? திட்டத்தின் பலனைச் செலவால் வகுத்துப் பார்த்து, விகிதம் ஒன்றைத் தாண்டினால் கட்டலாம் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொன்னது: பலன் யாரைச் சேர்ந்தாலும் சரி, செலவைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். அந்த "யாரைச் சேர்ந்தாலும் சரி" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு மிச்சமாகும் இரண்டிரண்டு நிமிடங்களைக் கூட்டி, பணமாக்கி, பலன் பக்கத்தில் போடுவோம். சாலைக்கு நடுவே தடுப்பு வந்ததால் எதிர்ப்பக்கக் கிணற்றுக்கு இருபது நிமிடம் சுற்றி நடக்கிற பெண்ணின் நேரத்தை எந்தப் பக்கத்திலும் போட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் வாகனம் இல்லையே!

அடுத்து வாகனங்களின் ஆண்டு வளர்ச்சி விகிதத்தைத் தேடுங்கள். ஒரு முறை என் மேலதிகாரி, "பலன்-செலவு விகிதம் ஒன்றைத் தொடவில்லை, வளர்ச்சியை இன்னொரு முறை பார்" என்றார். நான்கு விழுக்காட்டை ஆறாக்கினேன். 25 ஆண்டுகளில் நான்கு விழுக்காடு என்றால் வாகனங்கள் சுமார் 2.7 மடங்காகும், ஆறு என்றால் 4.3 மடங்கு. அந்த ஒரு திருத்தத்தில் திட்டம் தேறிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. எனவே, அந்த விகிதம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை நாள் வாகனங்களை எண்ணினார்கள் என்று கேளுங்கள். சாலை அகலமானதாலேயே புதிதாக வண்டிகள் வருமா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையை அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள் வரை அகலப்படுத்தி 2008இல் முடித்தார்கள். 2014இல் நெரிசல் நேரப் பயணம் 2011ஐவிட நீண்டிருந்தது.

தள்ளுபடி விகிதம் என்று ஒன்று இருக்கும். வருங்காலத்துப் பலனையும் இழப்பையும் இன்றைய மதிப்புக்கு ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக் காட்டும் விகிதம் அது. பார்க்க அப்பாவியாகத் தெரியும். 50 ஆண்டுகள் கழித்து நேரும் 100 மதிப்புள்ள இழப்பு, ஏழு விழுக்காட்டில் இன்றைய கணக்கில் மூன்றரைக்கும் குறைவு. மூன்று விழுக்காட்டில் ஏறத்தாழ 23. ஒரு சதுப்புநிலம் மெல்ல மெல்லச் சாவது கணக்கில் ஒன்றுமே இல்லாமல் போவது இப்படித்தான்.

செலவுத் தொகையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, நம்பாதீர்கள் என்பதைத் தவிர. பெண்ட் ஃபிளைவ்பியர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. சராசரியாக ரயில் திட்டங்களில் 45 விழுக்காடு, பாலம், சுரங்கங்களில் 34, சாலைகளில் 20. தொகையை அந்த அளவு உயர்த்தி பலன்-செலவு விகிதத்தை மீண்டும் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் அதுவே உங்கள் முதல் கேள்வி.

இனி தண்ணீர், அதாவது நீரியல் கணக்கு. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் தாண்டியவன்தான். ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வயதான ஒரு அம்மா எழுந்து, "தம்பி, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். வரைபடத்தை விரித்து, சரிவு விழுக்காட்டையெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, எந்தப் பக்கம் போகும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

தாழ்ந்த நிலத்தில் சாலைக்கு மண்கரை போட்டால் அது ஒரு அணைதான். அணை என்று யாரும் பெயர் வைக்காததால் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கரைக்கு அடியிலுள்ள சிறுபாலங்கள் மட்டுமே தண்ணீருக்கு வழி. எத்தனை சிறுபாலங்கள், எந்த இடத்தில், எந்த அகலத்தில் என்று பட்டியலில் பாருங்கள். பிறகு அந்த இடங்களுக்கு மழை பெய்யும்போதே போய் நில்லுங்கள். தண்ணீர் போகும் இடமும் சிறுபாலம் வரும் இடமும் ஒன்றுதானா? "25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு வடிவமைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் நான்கு விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 25 ஆண்டுகளில் ஒருமுறையாவது அதைத் தாண்டிய வெள்ளம் வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

கரைக்கு மண் எங்கிருந்து வரும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. மேலே 12 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், இரு பக்கமும் இரண்டுக்கு ஒன்று சரிவு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 32,000 கன மீட்டர். பத்து கன மீட்டர் லாரியில் 3,200 நடைக்குக் குறையாது. அத்தனை மண்ணும் எங்கோ ஒரு குழியிலிருந்து வருகிறது. அந்தக் குழி பெரும்பாலும் அறிக்கையில் இருக்காது.

நில எடுப்புப் பட்டியலில் பட்டா வைத்திருப்பவர் பெயர்தான் வரும். குத்தகைக்கு உழுபவர், அங்கே கூலி வேலை செய்பவர், ஆற்றில் வலை போடுபவர் வருகிறார்களா என்று பாருங்கள். பெரிய அணைகளால் உலகெங்கும் 4 கோடி முதல் 8 கோடி பேர் வரை இடம்பெயர்ந்ததாக உலக அணைகள் ஆணையம் 2000இல் மதிப்பிட்டது. இரண்டு எண்களுக்கும் இடையே எத்தனை இடைவெளி! ஆட்களைச் சரியாக எண்ணக்கூட இல்லை.

மாற்று வழிகள் பற்றிய அத்தியாயத்தில் "எதுவும் கட்டாவிட்டால்" என்று ஒரு பகுதி இருக்கவேண்டும். அரைப் பக்கத்தில் முடிந்திருந்தால் யாரும் அதை யோசிக்கவில்லை என்று பொருள். கட்டியதையே வேண்டாம் என்று இடித்த ஊரும் உண்டு. தென்கொரியத் தலைநகர் சியோலில் 2003இல் மேம்பாலச் சாலையை இடித்து, கீழே புதைந்துகிடந்த சொங்கெச்சொன் ஓடையை மீட்டு 2005இல் திறந்தார்கள். அந்த ஓடையில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி மோட்டார் வைத்து இறைப்பது என்பதையும் சொல்லிவிடவேண்டும். மீட்புக்கும் மின்கட்டணம் உண்டு.

பராமரிப்புக்கு யார், எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை ஆண்டுகள் பணம் தருவார்கள்? கட்டத் தருபவர்கள் பராமரிக்கத் தருவது அரிது. 1967இல் திறந்த, இத்தாலியின் ஜெனோவா நகரத்து மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய எஃகு இழைகள் கான்கிரீட்டுக்குள் இருந்ததால் துருவைக் கண்டுபிடிப்பதே கடினமாக இருந்தது. பரிசோதிக்க ஆள் எப்படி ஏறுவார் என்ற கேள்வியை வரைபடத்தில் இருக்கும்போதே கேட்கலாம்.

இதையெல்லாம் கூட்டத்தில் முழங்கிப் பயனில்லை. எழுதிக் கொடுங்கள். ஒரு தாளில் ஒரு கேள்வி. பக்க எண், அட்டவணை எண், பிறகு கேள்வி. "இத்திட்டம் இயற்கைக்கு விரோதமானது" என்ற மனுவுக்கு "கருத்து பரிசீலிக்கப்பட்டது" என்று நாங்கள் ஒரே வரியில் பதில் எழுதிவிடுவோம். "பின்னிணைப்பு 6, அட்டவணை 3இல் இந்த ஓடைக்குச் சிறுபாலம் இல்லையே, ஏன்?" என்பதற்கு யாராவது களத்துக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலை இணைத்து மறுபடி அனுப்புங்கள்.

அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு கழியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அதில் மூன்று வெட்டுக்குறிகள், மூன்று மழைக்கு நின்ற தண்ணீர் மட்டம். அளந்து, கூட்டக் குறிப்பில் ஏற்றினோம். இரண்டு சிறுபாலங்கள் கேட்டார், ஒன்று கிடைத்தது.