பந்து வலப்பக்கம் வளைகிறதா? கிளப்பின் முகத்தைப் பாருங்கள்

கோல்ஃபில் வலக்கைக்காரர்களை அதிகம் வாட்டுவது ஸ்லைஸ்தான். பந்து போகப் போக வலப்பக்கம் வளைந்துவிடும். உடனே பலரும் இடப்பக்கமாகத் திரும்பி நின்று அடிக்கிறார்கள். அதில் வளைவு பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

கிளப் எனும் கோல்ஃப் மட்டையும் பந்தும் தொட்டிருப்பது ஏறக்குறைய 0.0005 நொடி. அந்தக் கணத்தில் கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் அதன் முன்பரப்பு, எங்கே பார்க்கிறதோ, ஏறத்தாழ அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும். கிளப் வீசிவரும் பாதைக்கு அதில் பங்கு குறைவு. ஆனால் முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள கோணம்தான் பந்தின் சுழற்சியைச் சாய்த்து வளைவை உண்டாக்குகிறது. இடப்பக்கம் திரும்பி நின்றால் பாதையும் இடப்பக்கம் போகும். முகம் இலக்கையே பார்த்தால் கோணம் இன்னும் விரியும்.

சரி, என்ன செய்யலாம்? பயிற்சியின்போது பந்துக்குப் பத்தடி முன்னால், இலக்குக் கோட்டில் மெல்லிய குச்சி ஒன்றை நட்டுவையுங்கள். பந்து அதற்கு வலப்பக்கம் கிளம்பினால் முகம் திறந்திருக்கிறது, அதாவது இலக்குக்கு வலப்பக்கம் பார்க்கிறது. இரு கைகளையும் பிடியில் சற்றே வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், முதலில் பாதையைத் திருத்துங்கள். முகத்தின் நடுவில் பட்ட அடிகளை மட்டும் கணக்கில் எடுங்கள். நெடுந்தொலைவு அடிக்க உதவும் டிரைவர் என்ற கிளப்பில், முகத்தின் ஓரத்தில் பட்டால் சுழற்சியே மாறிவிடும்.