இலை வேறு, தூள் வேறு, அறை வாடகை வேறு: நீலகிரிக் குடும்பத் தொழில்களுக்கு வரி ஆலோசனை சொல்வது எப்படி?

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் ஒரு குடும்பத்தின் கணக்கைக் கையில் எடுத்தால் அதில் மூன்று நான்கு தொழில் கலந்திருக்கும். அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டம், மூத்தவருக்கு ஃபேக்டரியில் பங்கு, இளையவருக்கு ஹோம்ஸ்டே, மருமகள் பெயரில் சாக்லேட். பணம் மட்டும் ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழும். எந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பிரிப்பதுதான் ஆலோசகரின் முதல் வேலை. வரிக் கணக்கு போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் சந்திப்புக்குப் பட்டா, மாதவாரி இலை பில், ஃபேக்டரி செட்டில்மென்ட், ஹோம்ஸ்டே புக்கிங் தளம் அனுப்பும் ஸ்டேட்மென்ட், எல்லோருடைய பாஸ்புக் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் அறிக்கையை (ஒருவரின் வருமானம், பரிவர்த்தனை பற்றி வரித் துறையிடம் உள்ள ஆண்டுத் தொகுப்பு) எடுத்து இவற்றோடு ஒப்பிடுங்கள். "இலையில் ஒரு ஆறு லட்சம் போட்டுக்கோங்க ஆடிட்டர்" என்று வாய்க்கணக்கு சொன்னால் எழுதாதீர்கள். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் மாவட்டம், பின்கோடு, ஏக்கர், சொந்த நிலமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று ரிட்டர்னிலேயே கேட்கிறார்கள். ஒன்றரை ஏக்கரில் ஆறு லட்சம் நிகர லாபம் என்று எழுதினால் கேள்வி வராமல் போகாது.

இனி இலை. சொந்தத் தோட்டத்துப் பச்சைத் தேயிலையை அப்படியே விற்றால் அந்த வருமானம் முழுக்க விவசாய வருமானம். அதே இலையைத் தானே தூளாக்கி விற்றால், 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8-ஆம் விதிப்படி லாபத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில். வெளியாரிடம் இலை வாங்கித் தூளாக்கினால் லாபம் முழுவதும் தொழில் வருமானம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு, விதி எண்கள் மாறினாலும், இந்தப் பிரிவினை புரிந்தால் போதும், எண்ணைத் தேடிக்கொள்ளலாம்.

சிக்கல், இரண்டு வகை இலையும் ஒரே தொட்டியில் வாடும்போதுதான். ஆண்டுக்கு 10 லட்சம் கிலோ அரைக்கும் ஃபேக்டரியில் சொந்த இலை 2 லட்சம் கிலோ என்றால், மொத்த லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து 60:40 போடுவது சுலபம். ஆனால் அது தவறு. உரம், கவாத்து, பறிப்புக் கூலி எல்லாம் சொந்த இலைக்கு மட்டுமே ஆன செலவு. அவற்றைப் பொதுச் செலவில் கலந்தால், வாங்கிய இலையின் லாபம் விவசாயச் செலவால் குறைந்துபோகும். எடை மேடையிலேயே இரண்டு நோட்டு வையுங்கள். விறகு, மின்சாரம், ஃபேக்டரிக் கூலியைக் கிலோ விகிதத்தில் பிரியுங்கள், தோட்டச் செலவைத் தனியே நிறுத்துங்கள். 100 கிலோ இலைக்கு சுமார் 22 முதல் 25 கிலோ தூள் கிடைக்கும். கணக்கில் 18 என்று வந்தால் ஒன்று எடை தவறு, இல்லையென்றால் பில் போடாத விற்பனை. அதிகாரி கேட்பதற்கு முன் நீங்கள் கேளுங்கள்.

அப்பாவின் தோட்டத்து இலையை மகன்களின் கூட்டு நிறுவனம் வாங்குகிறது என்றால் 60:40 கிடையாது. பயிரிட்டவர் வேறு, தூள் விற்றவர் வேறு. இங்கே அப்பாவுக்கு மட்டும் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுக்கும் ஆசை வரும். உறவினருக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுத்த தொகையைச் செலவாக ஏற்க மறுக்கச் சட்டத்தில் வழி உண்டு. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையையும், அதே நாளில் மற்ற விவசாயிகளுக்குக் கொடுத்த விலையையும் ஃபைலில் வையுங்கள்.

ரொக்கத்தில் இன்னொரு பொறி. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். விளைவித்தவரிடமே விளைபொருள் வாங்கும்போது விலக்கு உண்டு. இலை ஏஜென்ட் தன் கணக்கில் வாங்கி விற்பவராக இருந்தால் அவருக்குக் கொடுக்கும் ரொக்கத்துக்கு அந்த விலக்கு கிடையாது. ஏஜென்டுக்கு வங்கி வழியாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.

ஹோம்ஸ்டே தேயிலைக்கு நடுவில் இருந்தாலும் அறை வாடகை விவசாயமாகாது. ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டாத ஹோம்ஸ்டேகாரருக்குப் புக்கிங் தளமே ஜிஎஸ்டி கட்டிவிடும். "அப்போ எனக்கு வரியே இல்லை" என்று அவர் நினைத்துக்கொள்வார். வருமான வரி தனி. ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்பைப் பார்க்கும்போது அதே பான் எண்ணில் விற்ற, வரி விலக்குள்ள இலையையும் சேர்க்க வேண்டும். இலை 14 லட்சம், அறை 8 லட்சம் என்றால் வரம்பு தாண்டிவிட்டது.

12 லட்சம் வரை வரி இல்லை என்ற பேச்சையும் அப்படியே நம்ப விடாதீர்கள். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் ஹோம்ஸ்டே லாபம் 9 லட்சம், இலை வருமானம் 6 லட்சம் என்று வையுங்கள். விவசாய வருமானத்துக்கு நேரடி வரி இல்லை, ஆனால் வரி விகிதத்தைப் பார்க்க அதையும் கூட்டுவார்கள். அப்படிக் கூட்டினால் 15 லட்சத்துக்கான வரி 1,05,000. அதில் 10 லட்சத்துக்கான (இலை 6, அடிப்படை விலக்கு 4) 40,000-ஐக் கழித்தால் 65,000. தள்ளுபடி அதிகபட்சம் 60,000. மீதி 5,000, செஸ் சேர்த்து 5,200 கட்ட வேண்டும். இலை இல்லாவிட்டால் வரி பூஜ்யம்.

இதனால்தான் இலை யார் பெயரில் போகிறது என்பது முக்கியம். மூன்று அண்ணன் தம்பிகளின் இலையும் மூத்தவர் பெயரில் ஃபேக்டரிக்குப் போனால், விகிதம் ஏறுவது அவருக்கு. தந்தை உயில் எழுதாமல் இறந்து அவருடைய தனிச் சொத்து பிள்ளைகளுக்கு வந்தால், 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அது கூட்டுக் குடும்பச் சொத்தல்ல, அவரவர் பங்கு அவரவருக்கு. மகள்களையும் மறக்க வேண்டாம். வாரிசுச் சான்று, பங்கு ஒப்பந்தம், ஒவ்வொருவருக்கும் தனி இலை சப்ளைக் கணக்கு ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகு பிரித்துக் காட்டுங்கள்.

கூட்டு நிறுவனத்தில் உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளம் என்றால் ஒப்பந்தப் பத்திரத்தில் தொகையோ கணக்கிடும் முறையோ இருக்க வேண்டும். மூலதன வட்டிக்கு உச்சம் 12 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் இவை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும். அண்ணனுக்குக் கொடுப்பதில் டிடிஎஸ் எதற்கு என்று கேட்பார்கள்.

வரித் தளத்தில் வாடிக்கையாளரின் சொந்த மொபைலும் மின்னஞ்சலுமே இருக்கட்டும். உங்களுடையதைப் போட்டால், நோட்டீஸ் நானூறு மெயில்களுக்கு நடுவில் கிடந்து கெடு முடிந்துவிடும்.

தோட்டத்தை விற்கப் போகிறோம் என்று வந்தால், கையெழுத்துக்கு முன்பே தூரத்தைப் பாருங்கள். மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரையுள்ள நகராட்சி அல்லது கன்டோன்மென்ட் எல்லைக்குள்ளோ, அதிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளோ இருந்தால் மூலதன ஆதாய வரி வரும். உதகையும் குன்னூரும் 2011 கணக்கெடுப்பில் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. அளப்பது நேர்கோட்டில். கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் போகிற தோட்டம், வான்வழியில் ஒன்றரை கிலோமீட்டராக இருக்கலாம்.