எலிப்பொறிக் கட்டுச் சுவர்: கொத்து வேலை பழகுவோருக்கு

குமரி மாவட்டத்தில் கொத்து வேலைக்கு வரும் பிள்ளைகள், தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தாலும் மூத்த கொத்தனாரிடம் கையாளாகச் சேர்ந்தாலும், தொடக்கத்திலேயே எலிப்பொறிக் கட்டையும் பழகிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்பது அங்குலச் சுவரை, நடுவில் பொந்துகள் விட்டு, ஏறத்தாழ கால் பங்கு செங்கல் குறைவாகக் கட்டி முடிக்கும் முறை இது. வயலையும் குளத்தையும் தோண்டி எடுத்த களிமண்ணும் சூளையில் எரியும் விறகும் அந்த அளவுக்கு மிஞ்சும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும்.

முதலில் சாந்து இல்லாமல் தரையில் அடுக்கிப் பழகுங்கள். 9 அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் உள்ள கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்துங்கள். சுவரின் இரு முகத்திலும் நீளவாக்கில் ஒவ்வொரு கல், நடுவில் 3 அங்குலப் பொந்து, அடுத்து இரு முகத்தையும் பிணைக்கும்படி குறுக்கே ஒரு கல் என்று வரி தொடரும். மேல்வரியின் குறுக்குக் கல், கீழ்வரியின் நீளக் கல்லின் நடுவே அமர வேண்டும். அரை அங்குலச் சாந்தோடு சேர்த்தால் ஒரு வரி 5 அங்குல உயரம் வரும். பத்து அடி நீளத்தை நான்கு வரிக்கு அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினால் கணக்கு கையில் படிந்துவிடும்.

கற்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். குமிழி வருவது நிற்கும் வரை நீரில் ஊறவைத்த பிறகே சாந்தில் வையுங்கள்.

நான் பழகிய காலத்தில் கட்டிய ஒரு சுவரில், கரண்டியிலிருந்து வழிந்த சாந்தெல்லாம் பொந்துக்குள் விழுந்து அடைத்துக்கொண்டது. வெளியே பார்க்க அழகாகவே இருந்தது; சுவிட்சுப் பெட்டிக்காக உடைத்தபோதுதான் உள்ளே பாதி நிரம்பியிருந்தது தெரிந்தது. அன்று முதல், பொந்தின் அகலத்துக்குச் சற்றே குறைந்த மரச்சட்டம் ஒன்றைப் பொந்தின் மேல்வாயில் வைத்து, அதன் இருபுறமும் சாந்து போட்டு, சட்டத்தை எடுத்தபின் அடுத்த வரியை வைக்கிறேன்.

அடிவரி, சன்னலின் அடிமட்டம், லிண்டலுக்கு (கதவு, சன்னல் மேலுள்ள உத்தரம்) கீழ்வரி, கூரை அமரும் மேல்வரி, நிலைகளின் ஓரம் ஆகிய இடங்களில் பொந்தில்லாமல் கட்ட வேண்டும். மின்குழாய் செல்லும் வழியைச் சுவர் எழும்போதே தீர்மானித்துவிடுங்கள். கட்டிய பின் வெட்டுவது இந்தச் சுவருக்குக் கேடு.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஆகவே பூசாமல் விடும் சுவருக்கு இரண்டடிக்குக் குறையாத கூரை இறக்கமும் நன்றாக அழுத்தித் தேய்த்த மூட்டுகளும் கட்டாயம். பத்மநாபபுரம் அரண்மனையின் தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரைகளின் கீழே மழைநாளில் ஒருமுறை நின்றால் இறக்கத்தின் பயன் விளங்கும். சிமெண்டுச் சாந்துச் சுவரை ஏழு நாளாவது நனையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் தொலைவில்லை. கேரளத்தில் இந்தக் கட்டைப் பரப்பிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களில் அந்நகரின் உள்ளூர் என்னும் பகுதியில் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் பூசாத செங்கல் சுவர்களை, வாய்ப்புக் கிடைத்தால், உரிய அனுமதியோடு பாருங்கள். கையில் ஓர் அளவு நாடாவும் எடுத்துச் செல்லுங்கள்.